வெள்ளப்பூ எடுத்த புள்ள

வானம் ஏன் நீலமா இருக்குன்னு எனக்குத் தெரியும். சிரிக்காதீங்க, நெசமாத்தான். வெயிலுக்குள்ள எல்லாக் கலரும் கலந்து கெடக்காம். அது காத்துல வந்து முட்டுறப்ப நீலம் மட்டும் அங்கிட்டும் இங்கிட்டுமாச் செதறிப் போகுதாம். சட்டியில கடுகு தெறிக்குதுல்ல, அது மாதிரி. கடுகுன்னு சொல்றது நானு. வீடியோவுல வேற என்னமோ சொல்லுச்சு அந்தப் புள்ள. எனக்குக் கடுகுதான் வெளங்குச்சு.

எனக்கு எழுத்து தெரியாது. பஸ்ஸு போர்டு படிக்கத் தெரியாது. வடமதுரையா செம்பட்டியான்னு கண்டக்டரு கூவுறத வச்சுத்தான் ஏறுவேன். ஒரு தடவ கூவாத கண்டக்டரு ஒருத்தன் வண்டியில ஏறி, செம்பட்டியில போயி எறங்கி முழிச்சுக்கிட்டு நின்னேன். அது வேற கத. இப்ப இதையும் நான் எழுதல. போனுல மைக்குப் படத்த அமுக்கிட்டுப் பேசுறேன், அதுவா எழுதிக்கிருது. பேத்தி அப்பறமாப் பாத்துத் திருத்துவா. "என்ன வேணாலும் சொல்லிக்க அம்மாச்சி, பேரு மட்டும் யாரோடதையும் போடாத"ன்னுட்டா. சரின்னுட்டேன். பேரு இல்லாட்டி என்ன, ஆளு இல்லாமப் போயிருமா.

வீட்டுல நாங்க மூணு பேரு. நானு, எங்க வீட்டுக்காரரு, பேத்தி. மக வயித்துப் பேத்தி. அதுக்கு அஞ்சு வயசா இருக்கப்ப எம் மக செத்துப் போனா. மருமகன் வேற கல்யாணம் முடிச்சுத் திருப்பூருல இருக்காரு. குத்தம் சொல்லக் கூடாது, தீவாளிக்குத் தீவாளி துணி எடுத்துக் குடுத்துட்டுத்தான் போறாரு. வடமதுரைக்கு இங்கிட்டு எங்களுக்குக் கொஞ்சம் காடு இருக்கு. மல்லிப்பூ போட்டிருக்கோம், ஓரத்துல கத்திரி. பேத்தி திண்டுக்கல்லுக்குப் பஸ்ஸுல போயி காலேஜு படிக்கிறா.

நல்ல புள்ள. ஆனா எதையும் தானா எடுக்க மாட்டா. துணிக்கடையில ரெண்டு சுடிதார விரிச்சுப் போட்டு, எது வேணும் தாயின்னா, "நீயே எடு அம்மாச்சி"ம்பா. பேகம்பூருப் பக்கம் ஒரு வளையக்கடை, அந்த பாய் எங்களுக்குப் பழக்கம். செவப்பா பச்சையான்னு ரெண்டு கையிலயும் தூக்கிக் காட்டுனாரு. இவ கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டா. "என்னம்மா, வளையல் கடிச்சிருமா?"ன்னு சிரிச்சாரு பாய். நானும் சேந்து சிரிச்சேன். காலேஜுல என்ன படிப்புங்கிறதக் கூட தாத்தாவத்தான் சொல்லச் சொன்னா. அவரு என்னத்தக் கண்டாரு, பக்கத்து வீட்டு வாத்தியாரக் கேட்டு ஃபிசிக்ஸுன்னாரு. சேந்துட்டா. எம்புட்டுப் பதவிசான புள்ளன்னு ஊரே சொல்லும். நானும் அப்புடித்தேன் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

அந்தப் படிப்புலதான் இந்த வீடியோவெல்லாம் வந்துச்சு. மத்தியானம் நான் பூக்கட்ட ஒக்காந்தேன்னா, தண்ணிச் செம்புல போனச் சாச்சு வச்சுப் போட்டு விடுவா. சின்னச் சின்ன வீடியோ. ஒரு மொழம் பூக்கட்டி முடிக்கிறதுக்குள்ள முடிஞ்சு போகும். பேசுறது ஒரு பொம்பளப் புள்ள. மொகத்தக் காட்டாது. கை மட்டும் வந்து விறுவிறுன்னு படம் போடும். "எவிடென்ஸ் இல்லாம எதையும் நம்பாதீங்க, நான் சொன்னாலும் நம்பாதீங்க"ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் முடிக்கும். எவிடென்ஸுன்னா என்னடின்னு கேட்டேன். சாட்சி அம்மாச்சின்னா. அதானே பாத்தேன், கோர்ட்டுல கேக்குறது.

அம்மாடி, என்னென்ன கேள்வி! வானத்துக்கு முடிவு இருக்கா. ஒண்ணுமே இல்லாத எடத்துல இருந்து இதெல்லாம் எப்புடி வந்துச்சு. எறும்புக்கு நம்மளத் தெரியுமா. நேத்து இருந்த நானும் இன்னைக்கு இருக்குற நானும் ஒரே ஆளா. இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு ரொம்பப் புடிச்சுது. ஒடம்புல இருக்குறது பூராம் கொஞ்சம் கொஞ்சமா மாறிக்கிட்டே இருக்குமாம்ல. எங்க வீட்டுக்காரரப் பாத்துச் சொன்னேன், "இந்தாங்க, நான் கல்யாணம் கட்டுன ஆளு நீங்க இல்லையாம்ல."

"அப்ப எனக்குச் சோறு போடாத, அவன் வந்து கேப்பான்"ன்னாரு.

அவருக்கு எதுலயும் நக்கல்தான். பூமி சுத்துதுன்னு வீடியோ ஓடுனப்ப, "அப்ப என் கட்டிலு மட்டும் ஏன்டி தெக்கு வடக்காவே கெடக்கு?"ன்னாரு. பேத்தி கட்டிலும் சேந்துதான் தாத்தா சுத்துதுன்னா. "சுத்தட்டும் சுத்தட்டும், வாடகை கேக்காம இருந்தாச் சரி." ஆனா வீடியோ ஓடுறப்ப அவரு வெத்தல மெல்லுறத நிறுத்திருவாரு. கேக்காத மாதிரியே கேப்பாரு.

எனக்கு அம்புட்டுச் சந்தோசம், சொல்லி முடியாது. அந்தச் சந்தோசத்துக்குள்ளயே ஒண்ணு குத்திக்கிட்டுக் கெடக்கும். எம் மக சின்னதுல இதே கேள்வியத்தேன் கேப்பா. ராத்திரியில சூரியன் எங்கம்மா போயிப் படுத்துக்கிரும்? எங்க ஆத்தா வீட்டுலன்னு சொல்லுவேன். கனாவுல வர்ற நாயி கடிச்சா ஏம்மா வலிக்குது? எனக்கு என்ன தெரியும். இப்பப் பாருங்க, ஒண்ணொண்ணுக்கா பதிலு வந்துக்கிட்டு இருக்கு. கேட்டவளக் காணோம். சூரியன் எங்கிட்டும் படுக்குறது இல்லடி, நாமதான் திரும்பிப் படுக்குறோமாம்டின்னு, பூக்கட்டிக்கிட்டே வாய்க்குள்ள சொல்லிக்குவேன்.

பேத்தி ஒரு வீடியோவ மட்டும் திரும்பத் திரும்பப் பாப்பா. எனக்குப் போட மாட்டா. மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் போயி நின்னு, சத்தத்தக் கொறச்சு வச்சுப் பாப்பா. ஒருநா சாணி அள்ளப் போன எங் காதுல விழுந்துச்சு. காச மேல சுண்டி விட்டா பூவா தலையான்னு விழுகுதுல்ல, அதப் பத்தினது. சுண்டுன கை, காத்து, காசு எல்லாம் அச்சு அசலா அதே மாதிரி இருந்தா, எத்தன தடவ சுண்டுனாலும் அதே பக்கந்தான் விழுகுமாம். அப்பறம் அந்தப் புள்ள கேக்குது: காலத்தப் பின்னாடி ஓட்டி மறுபடி விட்டா, நாம அன்னைக்கு எடுத்ததத்தான் திரும்பவும் எடுப்பமா? வேறத எடுக்க நம்மளால முடியுமா? பரீச்சைக்குப் படிக்கிறா போலன்னு நெனச்சுக்கிட்டு நான் பாட்டுக்குச் சாணிய அள்ளிட்டு வந்துட்டேன்.

போன மழைக்குப் பெறகு எங்க வீட்டுக்காரருக்குக் குடலெறக்கம் ரொம்ப ஆயிப்போச்சு. பல வருசமா இருக்குறதுதான், பெல்ட்டு கட்டிக்கிட்டே காலத்த ஓட்டிட்டாரு. இப்பக் குனிஞ்சு ஒரு பூப் பறிக்க முடியல. திண்டுக்கல்லுல டாக்டரு பாத்துட்டு, "இதுக்கு மேலயும் தள்ளிப் போட்டா கொடலு சிக்கி ஆபத்துல விட்டுரும் பெரியவரே, ஆப்ரேசன் பண்ணிருவோம்"ன்னாரு. இவரு தலைய ஆட்டிட்டு வந்துட்டாரு. வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டல, அதுக்குள்ள, "வெள்ளிக்கெழம கோயில்ல பூப் போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்"ன்னாரு.

பூப் போட்டுப் பாக்குறதுன்னா எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும். ஒரு எலையில மல்லிப்பூ, ஒரு எலையில செவ்வரளி. ரெண்டையும் ஒண்ணு போல மடிச்சுக் கட்டி சாமி முன்னால போட்டுருவாக. மனசுல கேள்விய நெனச்சுக்கிட்டு ஒண்ண எடுக்கணும். வெள்ளப்பூ வந்தாச் செய்யலாம், செவப்பு வந்தா வேண்டாம். எடுக்குறது சின்னப் புள்ளையா இருந்தா நல்லதும்பாக. அதுக்குக் கள்ளம் தெரியாதுல்ல. புள்ள கையி, சாமி கையின்னு பேசிக்கிருவோம்.

"எதுத்த வீட்டு எல்கேஜி வாண்டக் கூட்டிட்டுப் போவோம். அதுக்கு மிட்டாய் வாங்கிக் குடுத்தா நான் சொன்ன எடத்துக்கு வரும்"ன்னாரு.

பேத்தி காலேஜுல இருந்து வந்து பையக் கூட எறக்கல. "அந்தப் புள்ளையக் கூப்பிடாதீங்க தாத்தா"ன்னா.

"ஏந்தாயி, அவுக அம்மா ஒண்ணும் சொல்லாதுத்தா."

"கூப்பிடாதீங்கன்னு சொல்றேன்ல!"

இருவது வயசுல அவ சத்தம் போட்டு நான் கேட்டது அன்னைக்குத்தான். கூரையில இருந்த காக்கா பறந்துச்சு. அவரு வெத்தலைய வாயில வச்சவரு அப்புடியே நின்னாரு. "அது எடுத்து, நாளைக்கி ஒங்களுக்கு ஒண்ணுன்னா, அது ஆயுசு பூராம் நெனச்சுக்கிட்டே கெடக்கும். என்னய மாதிரி இன்னொண்ணு வேணாம் தாத்தா." சொல்லிப்புட்டு பையோட உள்ள போயிட்டா.

நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அப்பத்தேன், அம்புட்டு வருசத்துக்கு அப்பறம், எங்களுக்கு வெளங்குச்சு.

எம் மகளுக்கு வயித்துல கட்டி வந்துச்சு. மதுரையில ஆப்ரேசன் பண்ணணும்னு சொல்லிட்டாக. எங்க வீட்டுக்காரருக்கு மக வயித்தக் கிழிக்கப் போறாகன்னதும் ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. பூப் போட்டுப் பாத்துட்டுத்தேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. கோயிலுக்குப் போனோம். எம் மக தன் புள்ளைய இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு, "எடு கண்ணு"ன்னா. புள்ள குனிஞ்சு ஒண்ண எடுத்துச்சு. பிரிச்சாரு பூசாரி. வெள்ளப்பூ. எல்லாருக்கும் சந்தோசம். எங்க வீட்டுக்காரரு பேத்திக்கு முத்தங் குடுத்து, பஸ்ஸ்டாண்டுல ஜிலேபி வாங்கித் தந்தாரு.

ஆப்ரேசனுக்குப் போன மக மயக்கம் தெளியாமலே போயிட்டா. ரத்தம் நிக்கலன்னாக. டாக்டர்மாரும் பாடுபட்டாகதான், நான் கண்ணால பாத்தேன். கேத வீட்டுல வந்தவுக எல்லாம், "புள்ள கையில வெள்ளப்பூ வந்துச்சேம்மா, சாமி இப்புடி ஏமாத்திருச்சே"ன்னு மாரடிச்சு அழுதாக. நானும் அதச் சொல்லித்தேன் அழுதேன். புள்ள அங்கனதான் என் மடியில படுத்துக் கெடந்துச்சு. அஞ்சு வயசுப் புள்ளைக்கு என்ன வெளங்கும், நாலு நாளுல மறந்துரும்னு எல்லாரும் நெனச்சோம். பெரியவுகளாப் பாத்துப் பண்ண தப்பு அது ஒண்ணுதான். எடுத்த கை யாரு கையின்னு ஒருத்தரும் யோசிக்கல.

மறுநா வெள்ளன பூப் பறிக்கப் போறப்ப அவளும் கூட வந்தா. காலேஜு இருக்கேன்னேன், போகலன்னா. மல்லி மொட்டு வெடிக்கிறதுக்கு முந்தி பறிச்சு முடிக்கணும், பேச நேரம் இருக்காது. ஆனா கை பாட்டுக்கு வேல செய்யும், வாயி சும்மாதான இருக்கு.

"நான் செவப்ப எடுத்திருந்தா அம்மா இருந்திருக்கும்ல அம்மாச்சி?"ன்னா. செடியப் பாத்துக்கிட்டேதான் கேட்டா.

"கட்டி சும்மா விட்டிருக்காது தாயி."

"கொஞ்ச நாளாச்சும் இருந்திருக்கும்ல?"

இருந்திருக்கும். பொய் சொல்ல வாயி வரல. அப்ப எனக்கு ஒண்ணு ஞாவகம் வந்துச்சு. மறந்து போனது இல்ல, அத யாரும் கேக்கல, அதுனால அது பாட்டுக்கு உள்ள கெடந்துருச்சு. கோயிலுக்குப் போறதுக்கு மொத நாளு அடுப்படியில எம் மக எங்கிட்டச் சொன்னா: "ம்மா, செவப்பு வந்தாலும் நான் ஆப்ரேசனுக்குப் போகத்தேன் போறேன். இந்தப் புள்ளைய வளத்து ஆளாக்கணும்ல. அப்பா மனசுக்காண்டி கோயிலுக்கு வாரேன், அவருகிட்டச் சொல்லிறாத." வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொன்னா. இதப் பேத்திகிட்டச் சொன்னேன். ஒங்கம்மா நீ எடுக்குறதுக்கு முந்தியே முடிவு பண்ணிட்டா தாயி, ஒங் கையில ஒண்ணுமே இல்லன்னேன்.

அவ பறிக்கிறத நிறுத்திட்டு என்னயப் பாத்தா. அந்த மொகத்துல ஒரு நிமிசம் வெளிச்சம் வந்துச்சு. அப்பறம் போயிருச்சு.

"என்னயச் சமாதானம் பண்றதுக்காகச் சொல்ற நீயி."

"சத்தியமாச் சொல்றேன் ஆத்தா."

"வேற யாரு கேட்டா? தாத்தா?"

"யாரும் இல்ல. நானும் அவளுந்தேன்."

"எவிடென்ஸ் இருக்கா அம்மாச்சி?"

அந்த வார்த்தைய எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவதானே. சாட்சி. நெசமான சாட்சி செத்துப் போச்சு. நான் இருக்கேன், ஆனா நான் அவ மேல உசிர வச்சிருக்கவ, எஞ் சொல்ல எடுத்துக்கிர முடியாதாம். வீடியோவுல கூட அப்புடித்தான சொன்னாக, வேண்டப்பட்டவுக சொல்றத மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாதுன்னு. நானே அதக் கேட்டுட்டு, ஆமா ஆமா சரிதேன்னு தலைய ஆட்டுனேன். இப்ப எங்கிட்டயே வந்து நிக்குது. மடியில இருந்த பூவக் கூடையில கொட்டுனேன். அவ மேக்கொண்டு ஒண்ணும் கேக்கல. வரிசைய முடிச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டோம். அன்னைக்கு அவ சரியாச் சாப்பிடல. கத்திரிக்கா வெஞ்சனம் அவளுக்குப் புடிக்கும்னுதான் வச்சேன், தட்டுல அப்புடியே கெடந்துச்சு.

எங்க வீட்டுக்காரருகிட்ட ரெண்டு நாளா நக்கலு இல்ல, கேலி இல்ல. வெள்ளிக்கெழம குளிச்சு திருநீறு பூசுனாரு. நான் தேங்காப் பழம் எடுத்து வைக்கவான்னு கேட்டேன். "வேணாம். டாக்டரு எப்ப வரச் சொல்றாருன்னு போன் போட்டுக் கேக்கச் சொல்லு புள்ளைய"ன்னாரு. பேத்தி வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. அவளப் பாக்காமலே சொன்னாரு, "சாமிகிட்ட நான் கேட்டுட்டேன். எல்லாத்துக்கும் புள்ள கையி வேணுமா என்ன." எழுவது வயசுக்கு மேல ஆச்சு, சாமிகிட்டக் கேக்காம ஒரு கெணறு வெட்டுனது இல்ல அந்த மனுசன். அவருக்கும் அது உள்ள அறுத்திருக்கும். ஜிலேபி வாங்கிக் குடுத்தது அவருதான.

ஆஸ்பத்திரியில, நகை நட்டு ஒண்ணும் போட்டுக்கிட்டு வரக் கூடாதுன்னு சொல்லியிருந்தாக. இவருக்கு என்ன நகை, காதுல கடுக்கன் ரெண்டும், இடுப்புல வெள்ளி அரணாக்கொடியும். கொடி கழண்டுருச்சு. கடுக்கன் வரல. கல்யாணத்துல போட்டது, திருகு அழுக்கேறி ஒட்டிப் போச்சு. பேத்தி பக்கத்து வீட்டு ஸ்கூட்டிய வாங்கி, அதுல வச்சு டவுனுக்குக் கூட்டிட்டுப் போயி, ஆசாரி கடையில திருகாணிய வெட்டி எடுத்துட்டு வந்தா. "காத அறுத்துப்புட்டான்டி அந்த ஆசாரி"ன்னு சாயங்காலம் வந்து சேந்தாரு. கடுக்கன் இல்லாம அவரு மொகம் யாரோ மாதிரி இருந்துச்சு. எனக்குப் பாக்கவே புடிக்கல.

நான் கொல்லையில போயி வேப்பங்குச்சி ரெண்டு ஒடிச்சுட்டு வந்தேன். பொடிசா, ஈர்க்கு மாதிரி இருக்குமே, அது. கழுவித் தொடச்சு அவரு காதுத் தொளையில சொருகி விட்டேன். "ஏ கெழவி, இந்த வயசுக்கு மேல ஓட்ட தூந்தா என்ன தூராட்டி என்ன"ன்னாரு. "வந்து மறுபடி போடணும்ல, பேசாம இருங்க"ன்னேன்.

பேத்தி அங்கனதான் செருப்பக் கழட்டிக்கிட்டு இருந்தா. ஒரு செருப்பு கால்ல, ஒண்ணு கையில. அப்புடியே நின்னுட்டா.

"அம்மாச்சி. அது என்ன?"

"வேப்பங்குச்சி. நகையக் கழட்டுனா இது வைக்கலன்னா தொள மூடிக்கிரும்."

"அம்மா மூக்குல இருந்துச்சு."

எனக்கு மொதல்ல வெளங்கல. அவ கண்ண மூடிக்கிட்டுச் சொன்னா. "கோயில்ல. என்னய இடுப்புல தூக்குச்சுல்ல, அப்பப் பாத்தேன். மூக்குத்தியக் காணோம், ஒரு குச்சி இருந்துச்சு. ஏம்மா மூக்குல குச்சின்னு பிடிச்சு இழுத்தேன். அம்மா சிரிச்சுச்சு. இழுக்காத கண்ணு, வலிக்கும்னுச்சு. அப்பறந்தான் எடுன்னு சொன்னுச்சு. அப்பறந்தான் நான் எடுத்தேன்."

ஆமா. எனக்கு அது மறந்தே போச்சு. மதுரை ஆஸ்பத்திரியிலயும் அதேதான் சொல்லி விட்டிருந்தாக. மகளோட ஒத்தக்கல்லு மூக்குத்தியும் கழட்ட வராம, அவளாவே டவுனுக்குப் போயி ஆசாரிகிட்ட வெட்டிக் கழட்டிட்டு வந்தா, கோயிலுக்கு மொத நாளு. குச்சிய ஒடிச்சுக் குடுத்ததே நான்தேன். அதுக்கு அப்பறந்தான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு எங்கிட்ட அதச் சொன்னா.

"போறதா இல்லையான்னு தெரியாதவங்க மூக்குத்திய வெட்டி எடுப்பாங்களா அம்மாச்சி?"ன்னு கேட்டா பேத்தி. அவளே பதிலும் சொல்லிக்கிட்டா. "எடுக்க மாட்டாங்க. முன்னாடியே முடிவு பண்ணிருச்சு. நான் எடுக்குறதுக்கு முன்னாடியே." கையில இருந்த செருப்பக் கீழ போட்டுட்டு, கைய விரிச்சுப் பாத்தா. அந்த வலது கைய. யாரோ ஒருத்தரு கையப் பாக்குற மாதிரி பாத்தா. எங்க வீட்டுக்காரரு கட்டில்ல ஒக்காந்து ரெண்டு காதுலயும் குச்சியோட குலுங்கிக் குலுங்கி அழுதாரு. மக செத்தப்ப கூட அவரு அப்புடி அழுகல.

இத்தோட அவளுக்குப் பாரம் எறங்கிருச்சுன்னு சொல்ல எனக்கும் ஆசதான். செத்த நேரம் எறங்குனது மாதிரிதேன் இருந்துச்சு. அப்பறம் அவ மெதுவா எம் பக்கத்துல வந்து ஒக்காந்து கேட்டா, "ஓட்ட தூந்துரக் கூடாதுன்னுதான குச்சி வைக்கிறது? அப்ப அம்மா வந்து மூக்குத்தி போடணும்னு நெனச்சுத்தான போயிருக்கு?"

"ஆமா தாயி."

அதுக்குத்தேன் அவ அழுதா. பதினஞ்சு வருசமா தன்னாலதான் செத்துருச்சேன்னு பயந்துக்கிட்டு இருந்ததுல, அம்மாவுக்காக அழுக அந்தப் புள்ளைக்கு எடமே இல்லாமப் போச்சு போல. அன்னைக்குத்தான் அழுதா. நான் தடுக்கல.

அவகிட்டச் சொல்லாதது ஒண்ணு இருந்துச்சு, அன்னைக்கு அதையும் சொன்னேன். மகள ஆஸ்பத்திரியில இருந்து கொண்டாந்தப்ப மூக்குல அந்தக் குச்சியக் காணோம். ஆப்ரேசனுக்குள்ள போறப்ப எடுத்துப் போட்டுருப்பாக. குளிப்பாட்டுறப்ப மூக்குத்தி போடணும்னாக, சுமங்கலியாப் போறவளாச்சே. திருகாணி வெட்டுனது, போட முடியல. விடுன்னாக. நான் எந்திரிச்சுப் போயி கொல்லையில புதுசா ஒரு வேப்பங்குச்சி ஒடிச்சுட்டு வந்து, கழுவித் தொடச்சு, எம் மக மூக்குல சொருகுனேன். இனிமே தூந்தா என்னன்னு யாரோ கேட்டாக. எனக்கு மனசு கேக்கல. குச்சியோடதேன் அனுப்பி வச்சேன்.

எங்க வீட்டுக்காரரு ஆப்ரேசன் முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டாரு. நல்லா இருக்காரு. கடுக்கனுக்குப் புதுத் திருகாணி போட்டாச்சு. மத்தியானம் வீடியோவும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, நேத்துக் கூட கடல் ஏன் உப்பாப் போச்சுன்னு பாத்தோம். பேத்தி இன்னமும் துணிக்கடையில "நீயே எடு அம்மாச்சி"ன்னுதான் சொல்றா. போன வாரம் வளையக்கடை பாய் செவப்பையும் பச்சையையும் தூக்கிக் காட்டுனாரு. கைய முதுகுக்குப் பின்னால கட்டல, அது மட்டுந்தான். ரெண்டையும் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னா. எங்க பஸ்ஸு போயிருச்சு. நானும் அவசரப்படுத்தல.